பிசிறு

அவசரமாக பிரேக் பிடிக்கும்போது விரல்களில் எவ்வளவு பலம் போகிறது? சுமார் 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். லீவர் ஒரு நெம்புகோல். அது இந்தப் பத்தைக் கிட்டத்தட்ட அறுபதாக்கி மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனின் விட்டம் 12.7 மி.மீ. என்றால் அதன் பரப்பு 1.27 சதுர செ.மீ. வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 47 கிலோ வருகிறது. பைக் டயரில் நாம் அடிக்கும் காற்று இதே அளவையில் இரண்டு கிலோ சொச்சம்தான். நாய் குறுக்கே ஓடும் அந்த அரை நொடியில், டயரில் இருப்பதைப் போல இருபது மடங்கு அழுத்தம் ஒரு சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குழாய்க்குள் நிற்கிறது. அந்தக் குழாய்க்கு பிரேக் ஹோஸ் என்று பெயர். வண்டி வாங்கும்போது மைலேஜ் கேட்கிறோம், கலர் கேட்கிறோம். ஹோஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நானும் கேட்டதில்லை. தங்கச்சிக்கு மணிக்கட்டில் வலி வந்த பிறகுதான் இந்தக் கணக்கெல்லாம் போடவேண்டி வந்தது.

வீட்டில் இருப்பது பழைய பல்சர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது, இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். வேளச்சேரியிலிருந்து ஓ.எம்.ஆரில் இருக்கும் அவளுடைய லேபுக்கு, ஒரு நாளைக்குப் போகவர 30 கிலோமீட்டருக்கு மேல். குனிந்து ஓட்டுவதால் உடல் எடை கையில் இறங்குகிறது, நிமிர்ந்து உட்காருங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். உயரமான ஹேண்டில்பார் போட்டோம். வலி குறைந்தது. ஆனால் ஹேண்டிலை வலது பக்கம் முழுக்கத் திருப்பினால் பிரேக் ஹோஸ் தாம்புக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. ஹேண்டில்பார் மாட்டிய மெக்கானிக்கிடம் கேட்டேன். ஹோஸை விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, "அட்ஜஸ்ட் ஆயிடும் சார், ரப்பர்தானே" என்றார்.

ரப்பர்தான். அதுதான் பிரச்சினையும்கூட. கம்பெனி போட்டுக் கொடுக்கும் ஹோஸ் பல அடுக்கு ரப்பரும் நூல் பின்னலும் சேர்ந்தது. புதிதாக இருக்கும்வரை அருமையான பொருள். வயதாக ஆக வெளியே வெடிப்பு விடும், உள்ளே உப்பும். சில சமயம் உள்சுவர் உப்பி ஒருவழிக் கதவு மாதிரி ஆகிவிடும். அழுத்தினால் திரவம் போகும், விட்டால் திரும்பி வராது. பிரேக்கை விட்ட பிறகும் சக்கரம் இறுக்கமாகவே சுற்றும். இப்படிப்பட்ட பழைய ஹோஸைத் தினமும் இருநூறு முறை இழுத்துத் திருப்பினால் எது முதலில் "அட்ஜஸ்ட்" ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

எனக்கு வேண்டியது பழையதைவிட 9 செ.மீ. நீளமான ஒரு ஹோஸ். அவ்வளவுதான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லோரிடமும் அந்த மாடலுக்கான ஹோஸ் இருந்தது, எல்லாம் கம்பெனி அளவு. "ரெண்டு ஹோஸை ஜாயின்ட் போட்டுக்கலாமே" என்று ஒருவர் யோசனை சொன்னார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அடுத்து ஹைட்ராலிக் ஹோஸ் கடை. ஜேசிபி, லாரி கிரேன் இவற்றுக்கெல்லாம் அளவு சொன்னால் வெட்டி, முனையில் பித்தானை மாட்டி, பிரஸ்ஸில் வைத்து நசுக்கி, பத்து நிமிடத்தில் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த மெஷினைப் பார்த்ததும் எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. கடைக்காரர் நான் கொண்டுபோன பழைய ஹோஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பிரேக்குதா தம்பி?"

"ஆமாண்ணே."

"பிரேக்குக்குப் போடறதில்ல."

"பிரஷர் ஜேசிபியவிடக் கம்மிதாண்ணே."

"கம்மிதான். ஜேசிபி ஹோஸ் வெடிச்சா எண்ணெய் கொட்டும், வேலை நிக்கும், ஓனர் வந்து என்னத் திட்டுவாரு. இது வெடிச்சா வந்து திட்டறதுக்கு ஆள் இருக்கணுமில்ல?"

ஒரு நாளைக்கு ஐம்பது ஹோஸ் செய்பவர் அவர். அவர் செய்த முனை ஏதாவது பீய்ச்சியடித்துப் பார்த்திருப்பாரா தெரியாது. ஆனாலும் எது தன் வேலை, எது இல்லை என்ற கோட்டை அவர் போட்டு வைத்திருந்தார். எனக்கு அந்தக் கோட்டின் மேல் மரியாதை வந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போதே அதைத் தாண்டுவது எப்படி என்றும் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

தாண்ட வழி இருக்கிறது. ரேஸ் வண்டிக்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் பின்னல் ஹோஸ். உள்ளே டெஃப்லான் குழாய், அதன்மேல் எவர்சில்வர் கம்பிப் பின்னல், அதற்கும் மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை. இதன் முனைகளை இரண்டு விதமாகப் போடலாம். ஒன்று, தொழிற்சாலையில் மெஷின் வைத்து நசுக்குவது. இன்னொன்று ஸ்பேனரால் திருகி இறுக்குவது. இந்த இரண்டாவது வகைக்கு மெஷின் வேண்டாம். ஹோஸ் மீட்டர் கணக்கிலும் முனைகள் தனியாகவும் ஆன்லைனில் கிடைக்கின்றன.

என் வண்டியில் ஏ.பி.எஸ். கிடையாது. 2019 ஏப்ரலில் இருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம். அப்படிப்பட்ட வண்டி என்றால் நான் இதில் கை வைத்திருக்க மாட்டேன். அதில் ஹோஸ் நேராக காலிப்பருக்குப் போகாமல் நடுவில் ஒரு பெட்டிக்குள் போய் வரும், அதற்குள் காற்று மாட்டிக்கொண்டால் வீட்டில் எடுப்பது பெரிய பாடு. பழைய வண்டியில் ஒரு லீவர், ஒரு ஹோஸ், ஒரு காலிப்பர். கண்ணால் பார்த்து முடித்துவிடக்கூடிய அமைப்பு.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பின்னல் ஹோஸ் போட்டதும் பிரேக் "வேற லெவல்" ஆகிவிட்டதாகப் பைக் நண்பர்கள் சத்தியம் செய்வார்கள். ரப்பர் அழுத்தத்தில் கொஞ்சம் விரியும், டெஃப்லானும் கம்பியும் விரியாது, அதனால் லீவர் விறைப்பாக இருக்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஹோஸ் மாற்றும்போது அதோடு பிரேக் ஆயிலையும் புதிதாக ஊற்றுகிறார்கள், காற்றையும் சுத்தமாக எடுக்கிறார்கள். பத்து வருடம் எட்டிப் பார்க்காத அமைப்பை முதல்முறையாகச் சுத்தம் செய்தால் எந்த ஹோஸ் போட்டாலும் வித்தியாசம் தெரியும். ஒற்றை டிஸ்க் உள்ள ஊர்வண்டிக்குப் புது ரப்பர் ஹோஸே தாராளம். சரியான நீளத்தில் அது கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரை இருந்திருக்காது.

டெஃப்லானைப் பற்றி ஒரு சின்னக் கதை. 1938 ஏப்ரலில் நியூஜெர்சியில், டுபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் என்ற இளம் வேதியியலாளர் குளிர்பதன வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு சிலிண்டரின் வால்வைத் திறந்தால் வாயு வரவில்லை. ஆனால் எடை போட்டால் காலி சிலிண்டரின் எடையைவிட அதிகமாகக் காட்டியது. வேறு யாராவது என்றால் ஓரமாகத் தூக்கிப் போட்டிருப்பார்கள். அவர்கள் சிலிண்டரை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே வழவழப்பான வெள்ளைப் பொடி. நம் வீட்டுத் தோசைக்கல்லில் இருப்பதும் பிரேக் ஹோஸின் உள்ளே இருப்பதும் அதன் வாரிசுதான். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது தற்செயல் இல்லை, அந்த ரம்பம்தான்.

ஏனென்றால் இந்த வேலையின் பயமே உள்ளே என்ன நடந்தது என்று தெரியாததுதான். முனை மூன்று துண்டுகளால் ஆனது. ஹோஸின் மேல் ஓடும் ஒரு நட். ஆலிவ் என்று பெயர் கொண்ட ஒரு சின்னப் பித்தளை வளையம். நடுவில் மெல்லிய மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் முனைத்துண்டு. ஆலிவ் டெஃப்லான் குழாய்க்கு வெளியேயும் கம்பிப் பின்னலுக்கு உள்ளேயும், அதாவது இரண்டுக்கும் நடுவில் போய் உட்கார வேண்டும். மூக்கு குழாய்க்குள் நுழையும். நட்டை இறுக்கும்போது ஆலிவ் உள்பக்கம் டெஃப்லானைக் கவ்வும், நட் பின்னலை ஆலிவோடு சேர்த்து இறுக்கும். கசிவைத் தடுப்பது டெஃப்லானின் கவ்வல், முனை பிடுங்கிக்கொண்டு போகாமல் தடுப்பது பின்னலின் இறுக்கம். ஆலிவுக்கும் டெஃப்லானுக்கும் நடுவில் ஒரே ஒரு கம்பிப் பிசிறு மாட்டினால் போதும், தலைமுடி அளவுக்கு ஒரு பாதை. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல முனையும் கெட்ட முனையும் ஒரே மாதிரிதான் பளபளக்கும்.

அதனால் அரை மீட்டர் ஹோஸும் மூன்று முனைகளும் அதிகமாக வாங்கினேன். கொல்வதற்கு.

நான்கு வருடம் பொறியியல் படித்தேன். அதில் என் கையால் ஒரு பொருளைச் செய்தது முதலாமாண்டு ஒர்க்‌ஷாப்பில் மட்டும். இரண்டு இரும்புத் தகடுகளை அரத்தால் ராவி, 'வி' வடிவத்தில் ஒன்றுக்குள் ஒன்று பொருத்த வேண்டும். லேப் அண்ணன் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால் திரும்பப் போய் ராவ வேண்டும். அதன் பிறகு பதிமூன்று வருடமாக நான் செய்த எதையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க முடிந்ததில்லை.

பின்னல் ஹோஸை வெட்டுவதில்தான் பாதி வேலை. கட்டிங் பிளையரால் நறுக்கினால் குழாய் நசுங்கி முட்டை வடிவமாகிவிடும், கம்பி துடைப்பம் மாதிரி விரியும். வெட்டும் இடத்தில் டேப்பை நாலு சுற்று இறுக்கமாகச் சுற்றி, டேப்பின் நடுவிலேயே வெட்ட வேண்டும். அகலமான கூர் உளியால் இரும்புக்கட்டை மேல் வைத்து ஒரே அடியாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில் அது சரிப்படாது. நான் நெருங்கிய பல் உள்ள ஆக்ஸா பிளேடால் அவசரப்படாமல் அறுத்தேன். அறுத்த முகம் ஹோஸுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். பிறகு துளைக்குள் விழுந்த தூளை ஊதி எடுக்க வேண்டும். இது முக்கியம். அந்தத் தூள் நேராகப் போய் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீலில்தான் உட்காரும்.

நட்டை முதலில் ஹோஸில் ஏற்றிக்கொண்டு டேப்பைப் பிரித்ததும் கம்பிகள் மெல்ல மலரும். மெல்லிய திருப்புளியால் பின்னலைச் சுற்றிலும் குழாயிலிருந்து விலக்கி, ஆலிவை நுழைத்து, முனையை ஒரு சமதளத்தில் வைத்து அழுத்தினால் குழாய் ஆலிவின் உள்விளிம்பில் போய் நிற்கும். இங்கேதான் நிறுத்திப் பார்க்க வேண்டும். போனில் டார்ச் போட்டு, அம்மாவின் பூதக்கண்ணாடியை வைத்து, வட்டம் முழுக்க. பிசிறு இருக்கிறதா? மூக்கில் துளி பிரேக் ஆயில் தடவித்தான் நுழைக்க வேண்டும், மெஷின் ஆயில் தடவக் கூடாது. பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெய் கிடையாது, கிளைக்கால் வகை. உண்மையான எண்ணெய் உள்ளே போனால் ரப்பர் சீல்கள் உப்பிவிடும். வைஸில் துணி சுற்றிப் பிடித்து, நட்டுக்கும் முனைத்துண்டுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்குள் இடைவெளி மிஞ்சும்வரை இறுக்க வேண்டும்.

மூன்று பலி முனைகளையும் இப்படியே செய்தேன். இரண்டாவதில் மட்டும் வேண்டுமென்றே ஒரு பிசிறை ஆலிவுக்குள் விட்டு இறுக்கினேன். பிறகு மூன்றையும் நீளவாக்கில் அறுத்தேன். மாலை முழுக்கப் போய்விட்டது. முதலாவதிலும் மூன்றாவதிலும் டெஃப்லானில் பித்தளை பதித்த மோதிரத் தடம் முழு வட்டமாக இருந்தது. இரண்டாவதில் அந்த மோதிரம் ஓரிடத்தில் அறுந்து, குறுக்கே கம்பி கீறிய பள்ளம். வெளியே இருக்கும்போது மூன்றும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தவை. அந்தப் பள்ளத்தைப் பார்த்த பிறகுதான் எதைத் தேடிப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்தது.

தங்கச்சி வந்து பார்த்தாள். "ஏண்ணா, நல்லா இருந்தத எல்லாம் அறுத்து வெச்சிருக்க?"

"நல்லா இருக்கான்னு பாக்கத்தான்."

"இப்ப நல்லா இருக்கா?"

"இருந்துச்சு."

நிஜ ஹோஸுக்கு நீளம் எடுப்பதற்குப் பழைய ஹோஸையும் ஒரு துண்டு மின்வயரையும் வைத்துக்கொண்டேன். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கினால் ஃபோர்க் முழுக்க நீளும். ஹோஸுக்கு அதிகம் நீளம் தேவைப்படுவது அப்போதுதான். அந்த நிலையில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி வயரை ஓட்டிப் பார்த்தேன். ஃபோர்க் அமுங்கும்போது மிச்ச நீளம் வளைந்து டயரில் உரசக் கூடாது. கம்பிப் பின்னல் உறையில்லாமல் எதன்மேல் உரசினாலும் அரம் மாதிரி தின்னும், அதனால் பிளாஸ்டிக் உறையும் கிளிப்பும் அலங்காரத்துக்கு இல்லை. முனையில் இருக்கும் வளையத்தின் நடுவிலிருந்து எதிர்முனை வளையத்தின் நடுவரை அளந்து, முனைத்துண்டுகளின் நீளத்தைக் கழித்தால் வெட்டவேண்டிய நீளம் கிடைக்கும். வளையத்துக்குள் போகும் போல்ட்டில் 1.0 மரை, 1.25 மரை என்று இரண்டு வகை உண்டு. தவறானது இரண்டு சுற்று சமத்தாக ஏறிவிட்டு அப்புறம் அலுமினிய மரையைத் தின்றுவிடும். பழைய போல்ட்டோடு ஒட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு புது காப்பர் வாஷர். டார்க் ரெஞ்ச் நண்பனிடம் இரவல்.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். அவள் லீவரிலும் நான் காலிப்பரிலும். "பிடி… பிடி… பிடிச்சுக்கோ" என்றதும் அவள் இழுத்துப் பிடிப்பாள். நான் 8-ம் நம்பர் ஸ்பேனரால் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பேன், டியூபில் குமிழிகளோடு திரவம் பாட்டிலுக்கு ஓடும், லீவர் ஹேண்டில்வரை தொய்ந்து போகும். மூடிய பிறகுதான் "விடு". மூடுவதற்குள் விட்டால் காற்று திரும்ப உள்ளே. மேலே டப்பாவில் அளவு இறங்காமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவ வேண்டும். முதல் இருபது முறை லீவர் பஞ்சு. அவளுக்கு அலுத்துவிட்டது. அப்புறம் ஒரு முறை இழுத்தவள் நின்றுவிட்டாள்.

"கல்லு மாதிரி ஆயிடுச்சுண்ணா."

அந்தக் கல்லை நான் அன்றைக்கு நம்பத் தயாராக இல்லை. லீவரை இழுத்து ரப்பர் பேண்டால் கட்டி, இரண்டு முனைகளிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றி, இரவு முழுக்க விட்டேன். காலையில் பேப்பர் காய்ந்திருந்தது. மறுபடியும் இரண்டு கையாலும் முடிந்த மட்டும் இழுத்துப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணினேன். அன்று ஞாயிறு. காலி ரோட்டில் 20, 40, 60 என்று நான் மட்டும் ஓட்டிப் பிடித்துப் பார்த்தேன். வண்டி நின்றது.

சாவியைக் கொடுப்பதற்கு முன் அவளை உட்காரவைத்துச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. நான் செய்த சோதனைகள் எல்லாம் அழுத்தத்துக்கான சோதனைகள். இன்றைக்கு இது தாங்குகிறது என்பது மட்டும்தான் அவற்றுக்குத் தெரியும். அமெரிக்காவின் பிரேக் ஹோஸ் விதியில் வேறொரு சோதனையும் உண்டு. ஹோஸை அழுத்தத்தோடு ஒரு இயந்திரத்தில் மாட்டி 35 மணி நேரம் சாட்டை மாதிரி ஓயாமல் வளைத்துக்கொண்டே இருப்பார்கள். ஹோஸ் முனைக்குள் நுழையும் விளிம்பில்தான் அதற்கு வலிக்கும். ஹேண்டில் திரும்பும்போதும் ஃபோர்க் அமுங்கும்போதும் வளைவு முழுக்க அங்கேதான் கூடுகிறது. அந்த இயந்திரம் என்னிடம் இல்லை. வீட்டில் அதைச் செய்ய வழியும் இல்லை. அவள் ஓட்டப்போகும் தினசரி 30 கிலோமீட்டர்தான் அந்தச் சோதனை. இதை எப்படிச் சுற்றிச் சொன்னாலும் அர்த்தம் அதுதான் என்பதால் நேராகவே சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க ஆபீஸ்ல எழுதுனது தப்பாப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"பழைய வெர்ஷனத் திரும்ப ஏத்திருவோம்."

"ஹ்ம்."

ஹைட்ராலிக் கடைக்காரர் சொன்னதை அவளிடம் சொன்னேன். வந்து திட்டுவதற்கு ஆள் இருக்க வேண்டும் என்றதை. "அவரு சொல்றது கரெக்ட்டு" என்றாள். இருந்தாலும் பழைய ஹோஸை மாட்டி ஓட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை, விறைத்து நிற்கும் அந்தக் காட்சி கண்ணிலேயே இருந்தது. அவளாலும் குனிந்து ஓட்ட முடியாது. இரண்டு பேரும் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். அதே நீளத்தில் மெஷினில் நசுக்கிய முனைகளோடு செய்து தருகிறவர்களிடம் ஒரு ஹோஸ் ஆர்டர் செய்வது. அவர்கள் ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை இது. அதுவரை பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை, 50-க்கு மேல் போவதில்லை. தினமும் கிளம்பும்முன் லீவரை ஒரு முறை இறுக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும், இரண்டு முனைகளையும் வெள்ளைப் பேப்பரால் துடைத்துப் பார்க்க வேண்டும். நட்டிலும் முனைத்துண்டிலும் குறுக்காக வெள்ளை பெயின்டில் ஒரு கோடு போட்டேன். இறுக்கம் தளர்ந்தால் கோடு உடைந்துவிடும்.

ஐந்து வாரமும் காலை ஏழே முக்காலுக்கு எனக்கு வாட்ஸப்பில் ஒரு போட்டோ வரும். மேல் முனை, கீழ் முனை, கோடு நேராக. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் எட்டு ஆகியும் வரவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. எட்டேகாலுக்கு வந்தது. மழை, லேட்டாகக் கிளம்பினாளாம். அன்றைக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் என் முறை வந்தபோது என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

புது ஹோஸ் வந்ததும் என்னுடையதைக் கழற்றினேன். கோடு நேராகத்தான் இருந்தது. இரண்டு முனைகளையும் வைஸில் பிடித்து நீளவாக்கில் அறுத்தேன். இரண்டிலும் மோதிரத் தடம் முழு வட்டம். கீழ் முனையில் மட்டும், ஹோஸ் நட்டுக்குள் நுழையும் விளிம்பில், பின்னலில் நாலு கம்பிகள் அறுந்திருந்தன. அறுந்த முனைகள் பளபளவென்று புதிதாக இருந்தன. அதைத் தங்கச்சியிடம் காட்டினேன். வாங்கி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "இது எத்தனை நாள் தாங்கியிருக்கும்?" என்று கேட்டாள். அறுந்தவை நாலு, சுற்றிலும் இன்னும் நூற்றுக்கு மேல் இருக்கிறது என்றேன். எண்ணிப் பார்த்தாயா என்றாள். இரண்டு பேரும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனோம்.